கறுப்புப் பட்டையும் பின்கதவும்: மலையகத்துப் புதுவீடுகளை வாசித்தல்

நுவரெலியாவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் எழுந்துவரும் 'பழைய பாணி' வீடுகளைப் பற்றி ஒரு விமர்சனக் கட்டுரை எழுதப்போகிறேன் என்றதும் நண்பரொருவர், "வீடு கட்டுறது மேசன் பாஸ்ட வேலை, அதுல இலக்கியக்காரனுக்கு என்ன?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் மலையக இலக்கியம் என்று நாம் கொண்டாடும் எழுத்துகளை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். ஸி.வி. வேலுப்பிள்ளை தம் நாவலுக்கு வைத்த பெயரே 'வீடற்றவன்'. தெளிவத்தை ஜோசப்பின் 'மீன்கள்' கதை, ஒரே காம்பராவுக்குள் வளர்ந்த பிள்ளைகளோடு படுத்தெழும் ஒரு குடும்பத்தின் கூச்சத்தையும் அவலத்தையும் மட்டுமே பேசுகிறது. அந்தக் காம்பரா இன்னும் ஆறடி நீண்டிருந்தால் அந்தக் கதையே இல்லை. ஒரு சுவரின் நீள அகலத்தில் ஒரு கதை பிறக்குமென்றால், சுவர் எழுப்புவதைப் பற்றிப் பேச விமர்சகனுக்கும் கொஞ்சம் உரிமை உண்டு.

முதலில் அந்த வீடுகளைப் பார்ப்போம். பிளக்பூல் பக்கமோ ஹாவாஎலியா பக்கமோ ஒரு மாலையில் நடந்தால் தென்படும். வெள்ளைச் சுவர், அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கறுப்புப் பட்டைகள், செங்குத்தான முக்கோண முகப்பு, ஓர் உயர்ந்த புகைபோக்கி, சின்னச் சின்னச் சதுரக் கண்ணாடிகள் பதித்த ஜன்னல். இதற்கு 'டியூடர் மொடல்' என்று பெயர். சில வீடுகளில் பட்டைகள் உண்மையான பலகை. சிலவற்றில் சீமெந்தை அச்சில் இழுத்துக் கறுப்படித்தது. இன்னும் சிலவற்றில் வெறும் பெயின்ட்தான். தூரத்திலிருந்து பார்த்தால் மரம், கிட்டப் போனால் தூரிகையின் தடம். முக்கோண முகப்பின் பின்னால் எட்டிப்பார்த்தால் கூரையே இல்லை, தட்டையான கொங்கிறீட் தட்டு. புகைபோக்கிக்குக் கீழே அடுப்பில்லை. கொழும்பிலிருந்து ஏப்ரல் சீசனுக்கு வந்துபோகும் ஆசையில் கட்டப்பட்டவை சில, ஹோட்டலாக்கும் எண்ணத்தில் கட்டப்பட்டவை பல. நம்மூர் வியாபாரிகள் உழைத்துச் சேர்த்த காசில் சொந்தமாகக் குடியிருக்கவென்று கட்டியவையும் இப்போது கூடிவருகின்றன.

இவற்றைக் கேலி செய்வது மிகச் சுலபம். அந்தச் சுலபமான வேலையைச் செய்ய எனக்கு விருப்பமில்லை. வாழ்நாள் முழுக்கக் கடைக்குப் பின்னால் ஒண்டிக் கிடந்தவர், தலைநிமிர்ந்து பார்க்கிற மாதிரி ஒரு வீடு வேண்டுமென்று ஆசைப்படுவதில் சிரிக்க ஒன்றுமில்லை. என் கேள்வி வேறு. பழைய பாணி என்கிறோமே, அது யாருடைய பழமை? அந்தப் பழமையில் எந்தப் பகுதியை எடுத்துக்கொண்டோம், எதை விட்டுவிட்டோம்?

டியூடர் என்பது இங்கிலாந்தை 1485 முதல் 1603 வரை ஆண்ட ஒரு அரச வம்சத்தின் பெயர். அந்தக் காலத்து வீடுகளின் கறுப்புப் பட்டை அலங்காரமல்ல, எலும்புக்கூடு. ஓக் மரத்தால் சட்டம் கட்டி நிறுத்துவார்கள். சட்டங்களுக்கு இடையிலுள்ள வெளியில் மிலாறுகளைப் பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் பிசைந்து அப்பிவிடுவார்கள். அதன்மேல் சுண்ணாம்பு. வாசகர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். வரிச்சுக் கட்டி மண் அப்பிய சுவர்! நம் பாட்டன்மார் கிராமங்களில் கட்டி வாழ்ந்ததும், இன்று வரிச்சு வீடு என்று ஏளனமாகச் சொல்லி இடித்துத் தள்ளுவதும் இதே சுவரைத்தான். மண் வீட்டை வெட்கமென்று உடைத்துவிட்டு, கொங்கிறீட்டின்மேல் இங்கிலாந்து மண்வீட்டின் சாயலைப் பெயின்ட் அடித்துக்கொள்கிறோம்.

ஆனால் நுவரெலியாவுக்கு வந்தது அந்த மண்வீடுகூட அல்ல. அது இங்கிலாந்துக்காரர்களே பிற்காலத்தில் செய்துகொண்ட நகல். ஆலைப் புகையும் ரயிலும் நிரம்பிய 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில், வசதியுள்ள ஆங்கிலேயர்களுக்குத் தங்கள் பழைய கிராமத்தின்மேல் ஒரு ஏக்கம் பிறந்தது. நோர்மன் ஷோ போன்ற கட்டடக் கலைஞர்கள் அந்த ஏக்கத்துக்கு உருவம் கொடுத்தார்கள். 1924இல் லண்டனில் கட்டி முடிக்கப்பட்ட லிபர்ட்டி கடையின் கறுப்பு மரங்கள், உடைக்கப்பட்ட இரண்டு போர்க்கப்பல்களிலிருந்து எடுத்தவை. அவற்றிலொன்றின் பெயர் 'இந்துஸ்தான்'. டியூடர் பாணி என்பது அப்போதே ஒரு நாடக வேஷம்தான்.

நுவரெலியாவில் இந்த வேஷத்துக்கு இன்னும் கூடுதலான தேவை இருந்தது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1820களில் இங்கே தமக்கொரு மாளிகை எழுப்பினார். அதுவே வளர்ந்து பின்னாளில் கிராண்ட் ஹோட்டலாயிற்று. சாமுவெல் பேக்கர் 1848இல் இங்கிலாந்திலிருந்து கொல்லனையும் பண்ணையாட்களையும் மாடுகளையும் கலப்பைகளையும் கப்பலேற்றிக் கொண்டுவந்து, இந்தக் குளிர்மேட்டில் ஓர் ஆங்கிலக் கிராமத்தையே நட்டுவைக்கப் பார்த்தார். பிறகு 1876இல் ஹில் கிளப், 1894இல் செங்கல் தபாலகமும் அதன் மணிக்கூட்டுக் கோபுரமும். வீட்டைப் பிரிந்து வந்தவன் தன் வீட்டை நினைத்துக் கட்டியவை இவை. அந்த ஏக்கத்தை நான் மறுக்கவில்லை. ஏக்கம் எல்லோருக்கும் பொது. திருச்சியையும் புதுக்கோட்டையையும் இராமநாதபுரத்தையும் நினைத்து ஏங்கியவர்களும் இதே மலையில்தான் இருந்தார்கள். அவர்களுக்குத் தங்கள் ஏக்கத்தின்படி ஒரு திண்ணையைக்கூடக் கட்டிக்கொள்ள அனுமதியில்லை என்பதுதான் வித்தியாசம்.

ஆக, இன்று பிளக்பூலில் எழும் வீடு ஒரு நகலின் நகலுக்கு எடுத்த நகல். அதனாலேயே அது மோசமென்று சொல்ல வரவில்லை. இலக்கியத்திலும் மரபு என்பது நகலெடுத்து நகலெடுத்து வளர்ந்ததுதான். வெண்பா எழுதுகிற எவரும் அதைக் கண்டுபிடித்தவரல்ல. ஆனால் வெண்பா எழுதுகிறவர் தளையைக் கற்றுக்கொள்கிறார். தளை தட்டினால் காது காட்டிக்கொடுத்துவிடும். நம் டியூடர் வீடுகளில் தளையைக் கைவிட்டு, பழைய ஏட்டின் மஞ்சள் நிறத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்பதே என் குறை.

தளை என்று எதைச் சொல்கிறேன்? நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரம். மாதக்கணக்கில் தூறல், பகலிலும் மூடுபனி, வருடத் தொடக்கத்தில் சில விடியல்களில் புல்லின்மேல் உறைபனி. பழைய கட்டடங்களின் செங்குத்தான கூரை இந்த மழைக்காக. முன்னே நீண்ட இறவாரம், சுவர் நனையாமலிருக்க. வெளியே தள்ளிய பலகணி, எந்தத் திசையில் வெயில் எட்டிப்பார்த்தாலும் அதைப் பிடித்துக்கொள்ள. கணப்படுப்பு வீட்டின் நடுச்சுவரில், அதன் சூடு இரண்டு பக்க அறைகளுக்கும் போய்ச்சேர. இவையெல்லாம் காரணத்தோடு வந்தவை. புதிய வீட்டில் முகப்பு முக்கோணமாக இருக்கிறது, பின்னாலுள்ள தட்டையில் தண்ணீர் தேங்குகிறது. இறவாரம் அரையடிக்குக் குறுகிவிட்டது. பட்டைப் பலகைக்கும் சுவருக்கும் இடையில் ஈரம் இறங்கி, இரண்டாம் வருடமே பலகை கறுப்பு மாறிப் பச்சையாகிறது. புகைபோக்கி வெளிச்சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. உள்ளே மின்சார ஹீட்டர்.

இன்னுமொன்று. தோட்டத்துத் துரை பங்களாக்களில் பெரும்பாலானவை டியூடரே அல்ல. கருங்கல் சுவர், தகரக் கூரை, முன்னால் நீண்ட விறாந்தை, ஒரே மாடி. பங்களா என்ற சொல்லே வங்காளத்துக் குடிசைக்கான பெயரிலிருந்து வந்தது. ஆங்கிலேயன் பெருமையோடு வாழ்ந்த வீட்டுக்கு வங்கத்து உழவனின் வீட்டுப் பெயர்! இந்த மலையின் பாணி எது என்று யாராவது என்னிடம் கேட்டால், தபாலகத்தைக் காட்டமாட்டேன். அந்தத் தாழ்ந்த தகரக் கூரையையும் விறாந்தையையும்தான் காட்டுவேன்.

முகப்பைப் பற்றி இவ்வளவு போதும். வீட்டின் வரலாறு முகப்பில் இல்லை, தரைப்படத்தில் இருக்கிறது.

ஒரு பழைய துரை பங்களாவின் தரைப்படத்தை எடுத்து விரியுங்கள். முன்வாசலிலிருந்து விறாந்தை, வரவேற்பறை, சாப்பாட்டறை, படுக்கையறைகள் வரை ஒரு நடமாட்டம். பின்வாசலிலிருந்து குசினி, சாமான் அறை, அப்புவின் அறை, விறகுக் கொட்டில் வரை இன்னொரு நடமாட்டம். இரண்டும் சந்திக்கிற ஒரே இடம் சாப்பாட்டறைக்கும் குசினிக்கும் இடையிலுள்ள ஒடுக்கமான பென்ட்ரி. குசினி பெரும்பாலும் வீட்டோடு ஒட்டாமல், மூடிய நடையொன்றால் மட்டும் தொடுக்கப்பட்டிருக்கும். புகையும் மணமும் முன்னே வரக்கூடாது, ஆளும் வரக்கூடாது. தோட்டத் தொழிலாளி முறைப்பாடு சொல்ல வந்தால் விறாந்தைக்குக் கீழே முற்றத்தில் நிற்பார். கங்காணி படிவரை வருவார். கணக்கப்பிள்ளை விறாந்தையில் நிற்கலாம், உட்காரமுடியாது. ஒரு சமூகத்தின் படிநிலை முழுவதும் கல்லில் கீறப்பட்டிருக்கிறது.

இனி லயத்தின் தரைப்படம். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு, அவ்வளவுதான். இப்படி பத்து, பன்னிரண்டு காம்பராக்கள் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு ஒரே தகரத்தின் கீழ். இரட்டை லயமென்றால் முதுகோடு முதுகு ஒட்டி இன்னொரு வரிசை. பின்கதவுக்கோ பின்ஜன்னலுக்கோ இடமேயில்லை. இந்தத் தரைப்படத்தில் ஒரேயொரு வாசல். பங்களாவில் வாசல்கள் இரண்டாயிருந்ததும், லயத்தில் ஒன்றாயிருந்ததும் ஒரே வரலாறு.

அமைவிடத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். பங்களா மேட்டுத் திடலில், நாலுபுறமும் பார்வை விழும் இடத்தில். தேயிலை நல்ல சரிவுகளில். லயத்துக்குக் கிடைத்தது இவை இரண்டும் வேண்டாமென்று மிஞ்சிய நிலம். அநேகமாகப் பள்ளம், அல்லது ஓடைக்கரை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் இறங்கியபோது அதன் பாதையில் நின்றவை லயங்கள்தாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் மலையக மாவட்டங்களில் மீண்டும் மலைகள் சரிந்தன. காட்சிக்காகச் சரிவை வெட்டித் தட்டையாக்கி, பெரிய தடுப்புச்சுவர் எழுப்பி, அதன்மேல் டியூடர் வீடு கட்டுகிறவர்கள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதியை ஒரு தொல்லையாகவே பேசிக் கேட்டிருக்கிறேன். வெட்டிய மண் யாருடைய தலைக்கு மேலே கொட்டிக் கிடக்கிறது என்பதை வீட்டுப் படம் காட்டாது.

என் சாச்சாவின் மகன் ஹட்டனில் கடை வைத்திருக்கிறவர். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், கடை மாடியில் இடம் போதவில்லை. நுவரெலியாப் பக்கம் ஒரு துண்டுக் காணி வாங்கி வீடு கட்டத் தொடங்கினார். படவரைஞர் கீறிக் கொடுத்த படத்தை, நான் புத்தகம் வாசிக்கிறவன் என்ற ஒரே காரணத்துக்காக என்னிடம் கொண்டுவந்து விரித்தார். டியூடர் முகப்பு, பலகணி, புகைபோக்கி, எல்லாம் இருந்தன. நான் பின்பக்கத்தைப் பார்த்தேன். குசினிக்குப் பின்னால் ஆறடிக்கு ஏழடியில் ஒரு பெட்டி.

"இது ஸ்டோர் ரூமா?" என்று கேட்டேன்.

"இல்ல நானா, வேலக்கி நிக்கிற புள்ளக்கி."

"ஜன்னலக் காணோமே."

"இந்தக் குளிருக்கு ஜன்னல் எதுக்கு நானா?"

அவர் கெட்டவரல்ல. அந்தப் பிள்ளையைத் தன் பிள்ளைகளோடு வைத்தியரிடம் அழைத்துப்போகிறவர், பெருநாளைக்குத் தன் மகளுக்கு எடுக்கும் கடையிலேயே அவளுக்கும் உடுப்பு எடுக்கிறவர். படவரைஞரிடம் விசாரித்தபோது விடயம் தெரிந்தது. அந்த அறையின் வெளிச்சுவர் முழுவதையும் புகைபோக்கி பிடித்துக்கொண்டிருந்தது. அடுப்பில்லாத புகைபோக்கி. அதை எடுத்தால் ஜன்னல் வைக்கலாம். எடுத்தால் றோட்டிலிருந்து பார்க்கும்போது 'மொடல்' கெட்டுவிடும். பல நாள் பேச்சுக்குப் பிறகு அறைக் கதவுக்கு மேலே ஒரு சதுரஅடிக் கண்ணாடி வந்தது. புகைபோக்கி இருந்த இடத்திலேயே இருந்தது.

லயத்துக் காம்பரா 120 சதுரஅடி. அந்த அறை 42. தோட்டத்திலிருந்து வந்த பிள்ளை, தன் பாட்டி குடியிருந்த இடத்தில் மூன்றிலொரு பங்கைவிடக் கொஞ்சம் கூடுதலான இடத்தில், 2020களில், ஆங்கிலேயச் சாயல் வீடொன்றில் படுத்துக்கொள்கிறாள். பழைய பாணியை நாங்கள் முகப்பில் மட்டும் எடுத்தோம் என்றேனே, அது முழு உண்மையல்ல. பின்வாசலையும் எடுத்துக்கொண்டோம், நமக்கே தெரியாமல். படம் கீறியவருக்கு அது யோசிக்கவேண்டிய விடயமாகவே தோன்றவில்லை. பாணி என்று பெயர் வைத்தது முகப்புக்கு. வழக்கம் என்று பெயர் வைத்ததால் பின்னறை கேள்வியில்லாமல் உள்ளே வந்துவிட்டது.

இங்கேதான் இலக்கியத்தின்மேலும் எனக்கொரு மனத்தாங்கல் இருக்கிறது. மலையக எழுத்து லயத்தை உள்ளிருந்து எழுதியிருக்கிறது. இவ்வளவு கிட்டத்திலிருந்து ஓர் அறையை எழுதிய எழுத்து தமிழில் அதிகமில்லை. ஆனால் பங்களா அதில் எப்போதும் வெளியிலிருந்து பார்க்கப்பட்ட ஒன்று. மேட்டில் எரியும் விளக்கு, நாய் குரைப்பு, துரையின் பூட்ஸ் சத்தம். நான் வாசித்த அளவில், அந்தப் பென்ட்ரிக்குள் நின்று எழுதியவர்கள் குறைவு. அப்புவும் ஆயாவும் தோட்டக்காரனும் இரண்டு உலகத்துக்கும் நடுவில் நாள்முழுக்க நடந்தவர்கள். துரைக்கு எத்தனை சீனி என்பதும் லயத்தில் யார் வீட்டில் உலை ஏறவில்லை என்பதும் ஒருங்கே தெரிந்தவர்கள். அவர்களுடைய பார்வையில் ஒரு நாவல் முழுமையாக எழுதப்பட்டிருந்தால், இன்று பங்களாவைப் பார்த்து வீடு கட்டுகிறவருக்கு அதன் பின்கதவும் கண்ணில் பட்டிருக்கும். இப்போது அவருக்குக் கிடைப்பதெல்லாம் தேயிலைப் பங்களாக்கள் பற்றிய பளபளப்பான படப் புத்தகங்களே. அந்தப் படங்களில் மேசை விரிப்பு இருக்கிறது, பூச்சாடி இருக்கிறது, ஒரு மனிதர்கூட இல்லை.

நம்மவர்களின் எழுத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில் முதலாளியின் பெயருக்கு முன்னாலேயே வடக்கு வீடு வந்து நிற்கிறது. வீடு சாயச் சாய அதிகாரமும் சாய்கிறது. சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யில் வீட்டின் உட்புறமே பெண்களுக்கு உலகமாகவும் காவலாகவும் இருக்கிறது. காயல்பட்டினத்துத் தெருக்களுக்கு இடையில் பெண்கள் நடப்பதற்கென்றே முடுக்குகள் உண்டு. ஒரு சமூகத்தின் மனம் அந்தச் சந்தின் அகலத்தில் தெரிகிறது. கடற்கரையை இவ்வளவு எழுதிய நாம், மலைநாட்டுப் பட்டணங்களின் கடைவீட்டை எவ்வளவு எழுதியிருக்கிறோம்?

ஹட்டனிலும் நோர்வூட்டிலும் பொகவந்தலாவையிலும் மஸ்கெலியாவிலும் ஒரு காலத்தில் நின்ற அந்தக் கடைவீடுகளை நினைவுள்ளவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முன்பக்கம் இலக்கமிட்ட பலகைகள். காலையில் ஒவ்வொன்றாகக் கழற்றி, இரவில் இலக்கம் மாறாமல் மாட்டவேண்டும். உள்ளே கல்லாப்பெட்டி, அதன் பக்கத்தில் கடன் கொப்பி. சம்பள நாளில் லயத்து மக்கள் உள்ளே வந்து மூட்டைகளின்மேல் உட்காருவார்கள். நடுவில் சாமான் அறை, பின்னால் குசினியும் கிணறும், மேலே போகும் மரப்படி. உம்மாமார் அந்த மாடிப் பலகை இடுக்கு வழியாகவே கடைக்கு வந்துபோகும் ஊரைப் பார்த்தார்கள். பங்களாவிலிருந்து அப்பு சாமான் துண்டோடு வருவதும் அங்கேதான். லயமும் பங்களாவும் நேருக்குநேர் சந்திக்காத ஊரில், அவை இரண்டும் வந்துபோன இடம் அந்தக் கடை. கடன் கொப்பிக்குள் இரக்கமும் இருந்தது, கணக்கும் இருந்தது, சிலவேளை கணக்கில் கள்ளமும் இருந்தது. இது நாவலுக்கான இடமில்லையா? பழைய பாணியில் வீடு கட்ட ஆசைப்படும் நம் வியாபாரிக்கு, தன் சொந்தப் பழமையாக நினைக்க ஒரு வீடு இருந்தது. அதை யாரும் அழகென்று அவருக்குச் சொல்லவில்லை. அவரும் அதை உடைத்துக் கண்ணாடி ஷோரூமாக்கிவிட்டு, துரையின் பழமையைக் கடன்வாங்கப் போனார்.

பழமையிலிருந்து எடுத்துக் கட்டுவதற்கு இந்த மலைநாட்டிலேயே வேறு வழி காட்டியவர் ஒருவர் இருந்தார். 1918இல் கண்டியில் பிறந்த மினட் டி சில்வா. லண்டனில் கட்டடக்கலை படித்துத் திரும்பி, 1950ஐ ஒட்டிய வருடங்களில் கண்டியில் அவர் கட்டிய கருணாரத்ன வீடு, மலைச்சரிவை வெட்டித் தள்ளாமல், சரிவு இறங்குகிறபடி தளங்களை ஏற்றியும் இறக்கியும் அமைத்தது. கிராமத்து நெசவும் மண்ணோடும் உள்ளே வந்தன. அமைப்போ முழுக்கப் புதியது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் கண்டிக்கருகே வட்டபுளுவவில் அரச ஊழியர்களுக்கான வீட்டுத் திட்டத்தை ஏற்றபோது, குடிவரப்போகிற குடும்பங்களுக்கு வினாக்கொத்து கொடுத்து எழுதி வாங்கினார். எப்படிச் சமைப்பீர்கள், எப்படி வாழ்வீர்கள் என்று கேட்டுவிட்டுக் கீறினார். பல இனத்தவரும் அதில் குடியேறினார்கள். ஜெப்ரி பாவாவின் பெயர் உலகமெங்கும் ஒலிக்கிற அளவுக்கு இந்தப் பெண்ணின் பெயர் ஒலிக்கவில்லை என்பது தனிக் கட்டுரைக்குரிய வருத்தம். நான் இங்கே எடுத்துக்கொள்வது அந்த வினாக்கொத்தை மட்டும். என் உறவினரின் வீட்டுப் படத்துக்கு முன்னால் அப்படியொன்று இருந்திருந்தால், அதில் குசினிக்குள் நாள்முழுக்க நிற்கப்போகிறவளுக்கும் ஒரு தாள் போயிருக்குமா?

பழமையை அரசுகளும் சந்தைகளும் எப்படி வாசிக்கின்றன என்பதற்கு நுவரெலியாத் தபாலகமே சாட்சி. அந்த 1894ஆம் ஆண்டுக் கட்டடத்தை ஹோட்டல் திட்டத்துக்குக் கொடுக்கும் யோசனையை எதிர்த்து 2023 நவம்பரில் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்கு அது டியூடர் அல்ல, கந்தோர். கந்தப்பளையில் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1990களில் ஹோட்டலானபோது அதன் இயந்திரங்கள் சிலவற்றை அலங்காரமாக வைத்துக்கொண்டார்கள். காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள பங்களாக்கள் 2005 முதல் உல்லாச விடுதிகளாயின. நல்ல பராமரிப்பு, மறுக்கமாட்டேன். பாழடைந்து விழுவதைவிட அது மேல். ஆனால் பாதுகாக்கப்படும் பழமையின் பட்டியலில் லயம் வருவதில்லை. லயம் இடிக்கப்படவேண்டியது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. ஒருவரும் அதில் இன்னுமொரு நாள் வாழக்கூடாது. இடிப்பதற்கு முன் அதன் சுவர்களையும் இஸ்தோப்பையும் அளந்து கீறி வைப்பதற்கு மட்டும் ஆள் வேண்டும் என்கிறேன். இந்த மலையில் தலைமுறை தலைமுறையாக அதிகம் பேர் வாழ்ந்த வீட்டு வகை அது. 2023இல் மலையக மக்களின் 200 ஆண்டுகளை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அந்த நடை வந்து சேர்ந்த வீடு அதுதான்.

இனி அந்த மக்களின் புதிய வீடுகள். 1948இல் குடியுரிமையை இழந்தவர்கள், வேலை போனால் காம்பராவும் போகும் என்ற பயத்திலேயே வாழ்ந்தவர்கள், அண்மைக் காலத்தில்தான் 7 பேர்ச் காணியில் தனி வீடு என்பதைக் காணத் தொடங்கினார்கள். இந்திய உதவியில் முதலில் 4,000 வீடுகள். 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 என்று அறிவித்தார். அறிவிப்புக்கும் அத்திவாரத்துக்கும் இடையில் எத்தனை வருடம் போனதென்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. வீடு 550 சதுரஅடி: இரண்டு படுக்கையறை, ஒரு ஹோல், குசினி, கழிவறை. எல்லா வீட்டுக்கும் ஒரே படம். எந்தப் பழைய பாணியும் இல்லாத, பெட்டி போன்ற வீடு. கட்டடக்கலை பேசுகிறவர்கள் இதைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

ஹட்டனுக்கு அப்பால் அப்படியொரு குடியிருப்புக்குப் போயிருந்தேன். ஒரே மாதிரிக் கட்டிக்கொடுத்த வீடுகளில் ஒன்றுகூட அப்போது ஒரே மாதிரி இல்லை. முன்கதவுக்கு முன்னால் ஒருவர் தகரம் இறக்கி இஸ்தோப்பு போட்டிருந்தார், ஓரத்தில் சீமெந்துத் திட்டு. பக்கத்து வீட்டில் திட்டு இல்லை, பலகை பெஞ்சு. அடுத்த வீட்டில் முகப்புக்கு மேலே சீமெந்தில் சின்ன முக்கோணம் எழுப்பி, நடுவில் நீலப் பெயின்ட். டியூடர் அங்கேயும் எட்டிப்பார்த்துவிட்டது என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். வீட்டுக்காரம்மா என்னை முன்வாசலால் உள்ளே அழைத்து, ஹோலைக் கடந்து, பின்பக்கத்துக்கே கூட்டிக்கொண்டு போனார். அங்கே வீட்டுக்கு வெளியே, நாலு மரக்கால் நட்டுத் தகரம் போட்டு ஒரு விறகடுப்பு வைத்திருந்தார். உள்ளே டைல்ஸ் பதித்த குசினி இருக்க இது எதற்கு என்று கேட்டேன்.

"உள்ளுக்கு வச்சா பொக வீடெல்லாம் போகுதுங்க. லயத்துல பொகையிலேயே கெடந்தோம். இங்க பின்னால கதவு இருக்குல்ல, அதான் அடுப்ப வெளிய வச்சிட்டோம். அடுப்புக்கிட்ட குந்திக்கிட்டா பொழுது போறதே தெரியாது, எல்லாரும் இங்கதான் வந்து குந்துவாங்க" என்றார். சொல்லிவிட்டு, வாசல்படியோரம் கிடந்த கட்டையை இழுத்து என்னை உட்காரச் சொல்லி, தேத்தண்ணிக்குக் கேத்தலை ஏற்றினார்.